சிம்ப்சன்ஸ் பார்க்கிறவர் சிம்மக்கல்லை வரைந்தால்

ஒரு கார்ட்டூன் தொடரை வெறித்தனமாகப் பார்க்கிற ஒருவர், தானே எதையாவது எழுதவோ வரையவோ உட்காரும்போது, அந்தத் தொடரின் நகைச்சுவை அவர் கைக்குள் எப்படி வந்து சேர்கிறது? ‘இதுல அதோட தாக்கம் தெரியுது’ என்று நாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த இடத்தில் தெரிகிறது, காப்பியடிப்பது எங்கே முடிகிறது, கற்றுக்கொண்டது எங்கே தொடங்குகிறது என்று யாரும் நிதானமாகச் சொல்லித் தருவதில்லை. புதிதாக வரையவோ எழுதவோ ஆரம்பித்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியை வைத்தே சொல்கிறேன். மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறார். பகல் முழுக்க காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று கோரல் டிரா என்கிற டிசைன் மென்பொருளில் தலைகளை வெட்டி ஒட்டுவதுதான் வேலை. ராத்திரி கடை அடைத்த பிறகு தன்னுடைய காமிக்ஸ் ஸ்ட்ரிப்பை வரைவார், ஒரு கதைக்கு ஆறு கட்டம் அல்லது எட்டுக் கட்டம். சிம்ப்சன்ஸ் என்றால் உயிர். எந்த எபிசோடில் எந்தக் கடைப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்பது வரைக்கும் சொல்வார்.

சிம்ப்சன்ஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அது ஓர் அனிமேஷன் சிட்காம். சிட்காம் என்றால் ஒரே வீடு, ஒரே ஊர், அதே ஆட்கள், ஒவ்வொரு எபிசோடிலும் தனியாகத் தொடங்கி முடிகிற ஒரு கதை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு நேரத்துக்கென்று வந்த முதல் அனிமேஷன் சிட்காம் 1960-இல் தொடங்கிய ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ். சிம்ப்சன்ஸ் மாட் கிரேனிங் உருவாக்கியது. 1987-இல் வேறொரு நிகழ்ச்சியின் நடுவே குட்டிக் குட்டித் துண்டுகளாக வந்து, 1989 டிசம்பரில் தனித் தொடரானது. 700 எபிசோடுக்கு மேல் போய்விட்டது, பையன் பார்ட்டுக்கு இன்னமும் 10 வயதுதான். அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், தங்கைகள் லிசா, மேகி. கிரேனிங்கின் சொந்த அப்பா பெயர் ஹோமர், அம்மா மார்கரெட் (சுருக்கினால் மார்ஜ்), தங்கைகள் லிசாவும் மேகியும். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் குடும்பத்துக்கு அவர் பெயர் எடுத்தது தன் வீட்டுக்குள்ளிருந்துதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு ரசிகர் முதலில் எடுத்துக்கொள்வது மேலே தெரிகிறதைத்தான். தம்பியின் ஆரம்ப கால ஸ்ட்ரிப்களில் எல்லோரும் மஞ்சள் நிறம், முட்டைக் கண், கைக்கு நாலு விரல். ஹோமருக்கு டோனட் என்றால் இவருடைய அப்பா கதாபாத்திரத்துக்கு உளுந்தவடை. வரைந்தது சுத்தமாக இருந்தது, ஆனால் படித்தால் கைலி கட்டின ஹோமர்தான் தெரிந்தார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். வடிவேலு படத்தை வைத்து மீம் போடுவதும் இந்தப் படிதான். முகம் அவருடையது, சிரிப்பு அவருடையது, நாம் போட்டது ஒரு வரி. நம்ம ஊர்க்காரர் முகத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது, அதனால் அந்த ஒரு வரியே ஓடிவிடுகிறது. ஆனால் அந்த முகத்தை எடுத்துவிட்டால் நம்மிடம் என்ன மிச்சம் என்று கேட்டுப் பார்த்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

அடுத்த படி, அந்த நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. ஹோமர் ஏன் சிரிப்பு வரவைக்கிறார்? அவர் ஜோக் சொல்கிற ஆளே கிடையாது. சோம்பேறி, தின்னிப் பண்டாரம், யோசிக்காமல் வாக்குக் கொடுப்பவர், அதே நேரத்தில் குடும்பத்தின் மேல் உண்மையாகவே பாசம் உள்ளவர். அந்தக் குணத்தைக் கொண்டுபோய் ஒரு சிக்கலில் நிறுத்தினால் சிரிப்பு தானாக வருகிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீங்கள் எழுதிய வசனத்தில் பெயர்களை மறைத்துவிட்டு ஒரு நண்பரிடம் கொடுங்கள். எந்த வரி யாருடையது என்று அவர் சொல்லிவிட்டால் உங்களிடம் கதாபாத்திரம் இருக்கிறது. சொல்ல முடியவில்லை என்றால் ஜோக்குகள் மட்டும்தான் இருக்கின்றன.

தம்பி அப்பா கதாபாத்திரத்தை அப்படித்தான் மாற்றினார். வடை போனது, மஞ்சள் நிறம் போனது. இப்போது அந்த அப்பா ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர். யார் எதைக் கேட்டாலும் “அதுக்கென்னண்ணே, செஞ்சுருவோம்” என்பார், முடியாது என்ற சொல்லே வாயில் வராது. அம்மா சாயங்காலம் இட்லிக் கடை போடுகிறவர், யார் எத்தனை இட்லி கடன் சொன்னார்கள் என்பதை நோட்டு இல்லாமல் மனசிலேயே வைத்திருப்பவர். மறக்காத மனைவிக்கும் மறுக்காத புருஷனுக்கும் நடுவில் கதை தானாக முளைக்கிறது. இங்கே ஹோமர் எங்கே? தோற்றத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் ‘குணத்திலிருந்து சிக்கல், சிக்கலிலிருந்து சிரிப்பு’ என்ற வரிசை சிம்ப்சன்ஸ் பார்த்துப் பார்த்து அவருக்குள் ஊறினது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி நம் வீட்டுப் பாலில் விடுகிற மாதிரிதான், தயிர் நம் வீட்டுத் தயிர்.

இதை ஒரு ஸ்ட்ரிப்பை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கதை நகர்கிற விதத்தில்தான் தாக்கம் ஆழமாகத் தெரியும்.

கடைக்குட்டிக்குக் காதுகுத்து. அப்பா ஃப்ளெக்ஸ் அடிக்கிறார். தாய்மாமன்கள் இரண்டு பேர், சின்ன மாமன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பாததால் பெரிய மாமன் படம் மட்டும் வந்துவிடுகிறது. சின்ன மாமன் வந்து பார்த்துவிட்டு “எங்க மாமா என் படம்?” என்கிறார். நம்ம ஆளுக்குத்தான் முடியாது, இல்லை என்று சொல்ல வராதே, “உனக்குத் தனி ஃப்ளெக்ஸ் குடுத்திருக்கேன் மாப்ள” என்று அடித்துவிடுகிறார். அதனால் ராவோடு ராவாக ஓடிப்போய்த் தனி ஃப்ளெக்ஸ் அடிக்கிறார். ஆனால் தனி ஃப்ளெக்ஸ் என்பதால் அதில் சின்ன மாமன் முகம் பெரிசாகிவிட்டது, பெரிய மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். அதனால் பெரிய மாமனுக்கு இன்னும் பெரிசாக ஒன்று. ஆனால் தெரு முழுக்கப் பெண் வீட்டு ஆட்களே நிற்பதைப் பார்த்துப் பங்காளிகள் மல்லுக்கு நிற்கிறார்கள். அதனால் பங்காளிகளுக்கு வரிசையாக ஏழு. கடைசிக் கட்டத்தில் தெருமுனையிலிருந்து பந்தல் வரைக்கும் ஃப்ளெக்ஸ், வீடு தெரியவில்லை, காது குத்த வந்த ஆசாரி பையோடு நின்று எல்லா ஃப்ளெக்ஸையும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “இதுல காது குத்துற பிள்ளை யாருப்பா?”

ஒரு ஃப்ளெக்ஸிலும் குழந்தை படம் இல்லை.

இந்த ஸ்ட்ரிப்புக்கு இரண்டு இடத்திலிருந்து கற்றுக்கொண்டது கை கொடுத்திருக்கிறது. ஒன்று சிம்ப்சன்ஸில் 1996-இல் வந்த ஒரு சின்னப் பகுதி. பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் தன் மேலதிகாரியை வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார், அடுப்பில் வைத்த கறி கருகிவிடுகிறது, பக்கத்துக் கடையில் பர்கர் வாங்கி வந்து நானே செய்தேன் என்கிறார், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், கடைசியில் சமையலறை தீப்பற்றி எரிகிறபோது அந்த வெளிச்சம் துருவ ஒளி என்று சாதிக்கிறார். மூன்று நிமிஷம்கூட இல்லாத துண்டு அது. ஒவ்வொரு பொய்யும் முந்தின பொய்யைத் தாங்கி நிற்க வேண்டும், முந்தினதைவிடப் பெரிசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. தம்பி கறியையும் எடுக்கவில்லை, பர்கரையும் எடுக்கவில்லை, அந்த விதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, சவுத் பார்க் என்ற இன்னொரு அனிமேஷன் சிட்காமின் படைப்பாளிகள் ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் 2011-இல் நியூயார்க்கில் மாணவர்களிடம் பேசும்போது சொன்ன ஒரு வழி. கதையின் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ‘அப்புறம்’ வந்தால் கதை படுத்துவிடும், ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ வர வேண்டும் என்றார்கள். மேலே உள்ள காதுகுத்துக் கதையை மறுபடி படித்துப் பாருங்கள், ஒவ்வொரு கணுவிலும் ஓர் ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ உட்கார்ந்திருக்கும். உங்கள் கதையை எழுதி முடித்ததும் இதே சோதனையைச் செய்யுங்கள். புதிதாக எழுதுகிறவர்களுக்கு இதைவிட உருப்படியான ஒரு கருவியை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஸ்ட்ரிப் மதுரைக்காரர்களை வயிறு நோகச் சிரிக்க வைத்ததற்குக் காரணம் இந்த இரண்டும் மட்டும் இல்லை. தாய்மாமன் கோபம் இங்கே விளையாட்டு விஷயம் கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் தங்கச்சி மீனாட்சி கல்யாணம் முடிந்துவிட்டது, அதனால் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலேயே திரும்பிவிட்டார் என்று நம் மக்கள் சொல்கிற கதை எல்லோருக்கும் தெரியும். கூடப் பிறந்தவனை மதிக்கவில்லை என்ற கோபத்தை ஆண்டுதோறும் ஊரே கூடிக் கொண்டாடுகிற இடம் இது. அப்படிப்பட்ட ஊரில் மாமன் படத்தை விட்டுவிட்டு ஃப்ளெக்ஸ் அடித்தால் என்ன ஆகும் என்று படிக்கிறவருக்கு முதல் கட்டத்திலேயே வயிற்றைக் கலக்கும். சிம்ப்சன்ஸ் குடும்பத்தின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்த விதிக்கு உயிர் கொடுத்தது இந்தக் கலக்கம்தான்.

வெளியூர்த் தொடர் வெறும் தரையில் வந்து இறங்குவதில்லை. தம்பியின் அப்பா வழி ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பங்குனிப் பொங்கலுக்கு அங்கே ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள், சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். அதில் முருகன், வள்ளி, நாரதர் என்று வேஷம் கட்டுகிறவர்கள் ஒரே குழுவாக இருக்க வேண்டியதில்லை. தனித்தனியாக பேசி, தனித்தனி ஊரிலிருந்து வந்து, பெரும்பாலும் ஒத்திகையே இல்லாமல் அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். எப்படி நடக்கிறது? ஒவ்வொரு வேஷமும் எப்படிப் பேசும், எப்படி மடக்கும் என்பது ஆடுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். முதலில் பபூன் வந்து தனியாளாகக் கூட்டத்தைக் கைக்குள் போட்டுக்கொள்வார், அப்புறம் டான்ஸ்காரப் பெண் வந்ததும் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. சின்ன வயசில் பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்த பையனுக்கு, மாறாத குணமுள்ள கதாபாத்திரங்கள் என்ற விஷயம் சிம்ப்சன்ஸ் பார்க்கும்போது புதிதாகவே இருந்திருக்காது. பிடித்துப்போனதற்கே அதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றும்.

இப்போது ஓரங்களுக்கு வருவோம், என்னைக் கேட்டால் அனிமேஷன் சிட்காமின் தனிச் சுவையே இங்கேதான் இருக்கிறது. நடிகர்களை வைத்து எடுக்கிற தொடரில் பின்னணி என்பது ஏற்கெனவே போட்ட செட். அனிமேஷனில் பின்னணியில் இருக்கிற ஒவ்வொரு பலகையையும் யாரோ கையால் வரைய வேண்டும், வரைவதே வரைகிறோம், அதில் ஒரு ஜோக்கை வைத்தால் என்ன? சிம்ப்சன்ஸில் தேவாலயத்து அறிவிப்புப் பலகை, கடைப் பெயர், செய்தித்தாள் தலைப்பு என்று கண்ணிமைக்கிற நேரத்தில் போய்விடுகிற ஜோக்குகள் நிறைய. வீடியோ ரிக்கார்டரில் பதிவு செய்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற ரசிகர்களுக்காகவே அப்படி வைத்தார்கள். தொடக்கக் காட்சியில் பார்ட் கரும்பலகையில் எழுதுகிற தண்டனை வரியும், குடும்பம் சோபாவில் வந்து உட்காருகிற விதமும் எபிசோடுக்கு எபிசோடு மாறும்.

போஸ்டர் ஊரான மதுரையில், அதுவும் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவருக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? தம்பியின் ஸ்ட்ரிப்பில் முதல் கட்டம் எப்போதும் ஒரே டீக்கடை. அங்கே தொங்குகிற ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ பலகை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருக்கும். ஒருநாள் ‘நேற்றைய கடன் இன்றும் கடனே’, இன்னொரு நாள் ‘ஆட்டோ அண்ணனுக்கு இரண்டும் இல்லை’. அந்தப் பலகையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர், மேலே ஒட்டியதைக் கிழித்த இடத்தில் கீழே இருந்தவரின் பாதி மீசை மட்டும் தெரியும்.

காதுகுத்து ஃப்ளெக்ஸ்களை அவர் தூக்கிப்போடவில்லை. அடுத்தடுத்த ஸ்ட்ரிப்களில் பெரிய மாமன் முகம் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது, பங்காளிகள் இட்லிக் கடைக்குப் படுதாவாகிவிட்டார்கள், மழை பெய்தால் சின்ன மாமன் டூவீலருக்கு மேல் போர்வையாகக் கிடக்கிறார். சிட்காமில் வாரா வாரம் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பது பொது விதி. அந்த விதிக்குள்ளேயே ஓர் ஓரத்தில் பழசு ஒட்டிக்கொண்டு நிற்பதை வாசகர் தானாகக் கண்டுபிடிக்கிறபோது வருகிற சந்தோஷம் தனி, ‘இதை நான்தான் பார்த்தேன்’ என்ற உரிமை அவருக்கு வந்துவிடுகிறது.

கூட்டத்தை வைத்துச் சிரிக்க வைப்பது இன்னொரு பாடம். 1993 ஜனவரியில் வந்த மோனோரயில் எபிசோடைப் பலரும் சிம்ப்சன்ஸின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்வார்கள், எழுதியவர் கோனன் ஓ’பிரையன். ஊருக்குத் திடீரென்று 30 லட்சம் டாலர் கிடைக்கிறது, குண்டும் குழியுமான மெயின் ரோட்டைச் சரி செய்யலாம் என்கிறார் மார்ஜ், ஊரும் கிட்டத்தட்டச் சம்மதித்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து வாய்ஜாலக்காரர் ஒருவர் வந்து பாட்டுப் பாடியே மோனோரயிலை, அதாவது ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிற ரயிலை, விற்றுவிடுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் சுமாரான புத்தி உள்ளவர்கள்தான், ஒன்றாகச் சேர்ந்ததும் புத்தி பறந்துவிடுகிறது. இதைத் தம்பி தெருக் கூட்டமாக மாற்றினார். கோயில் திருவிழா வரி வசூலில் பணம் மிச்சம், திறந்து கிடக்கிற சாக்கடைக்கு மூடி போடுங்கப்பா என்று ஒரு பாட்டி கத்துகிறார், யாரோ ஒருவர் எழுந்து தெருமுனையில் சீரியல் லைட் தோரண வாயில் என்கிறார், விசில் பறக்கிறது. வாயில் எரிகிறது, அந்த வெளிச்சத்தில் சாக்கடைக் குழி பளிச்சென்று தெரிகிறது, அதற்குள்ளிருந்து தெருக் கூட்டத்துத் தலைவரின் குரல்: “பாட்டி, ஒரு கை குடு.”

பாட்டி கை கொடுக்கிறார், கடைசிக் கட்டம் அதுதான். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் இங்கே கோட்டை விடுகிறார்கள். நக்கலும் லந்தும் நமக்கு இயல்பாக வரும், அதனால் ஆட்களை மட்டம் தட்டுவதோடு கதையை முடித்துவிடுகிறோம். சிம்ப்சன்ஸ் இத்தனை வருஷம் நிற்கிறதென்றால், அந்தக் குடும்பம் எவ்வளவு கூத்தடித்தாலும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காததும் அதற்கு ஒரு பெரிய காரணம்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வியை ரசிகர் தனக்குப் பிடித்த தொடரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. சிம்ப்சன்ஸில் அபு என்று ஒரு இந்தியக் கடைக்காரர் உண்டு. பல வருஷம் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா, இந்தியர் இல்லை. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளை அந்தக் குரலை வைத்தே கேலி செய்தார்கள் என்பதை ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் 2017-இல் ஓர் ஆவணப்படமாகவே எடுத்தார். 2020-இல் அசாரியா அந்தக் குரலை விட்டுவிட்டார், அடுத்த ஆண்டு மன்னிப்பும் கேட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் தம்பிக்குத் தொடர் மேல் பிரியம் குறையவில்லை. ஆனால் அவருடைய ஸ்ட்ரிப்பில் ஒரு வடமாநிலப் புரோட்டா மாஸ்டர் வருகிறார், அவர் பேசுகிற தமிழைக் கொச்சையாக்கிச் சிரிப்பு மூட்டுகிற வேலையை இவர் செய்வதில்லை. அந்த மாஸ்டர்தான் தெருவிலேயே சீட்டுக் கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாத ஆள், சிரிப்பு அவரை ஏமாற்றப் பார்க்கிறவர்கள் மேல் விழுகிறது. பிரியமாகப் பார்த்த தொடரிடமிருந்து எதை எடுக்கக் கூடாது என்று தெரிவதும் அதனிடம் படித்ததில் சேர்த்திதான்.

நீங்களும் தொடங்கப் போகிறீர்கள் என்றால், பிடித்த ஓர் எபிசோடை எடுத்து இரண்டு தடவை பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு காட்சி மாறும்போதும் ‘அதனால்’, ‘ஆனால்’ எது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். கிடைத்த எலும்புக்கூட்டில் அவர்கள் ஊர், அவர்கள் ஆட்கள், அவர்கள் சாப்பாடு எல்லாவற்றையும் அடித்துவிட்டு உங்கள் வீட்டு ஆட்களை உட்கார வையுங்கள். கிரேனிங் வீட்டுப் பெயர்களை எடுத்தது ஞாபகம் இருக்கிறதா, அதே தைரியம்தான். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரிச் சோறு கிடைக்காது.

எழுத உட்கார்ந்தால் முதல் நாளே முழுசாக முடித்துவிடுங்கள், எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. சிம்ப்சன்ஸில் மிக அதிகமாக, 59 எபிசோடுகள் எழுதிய ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் அப்படித்தான் செய்வாராம். மட்டமான வசனத்தையாவது போட்டு ஒரே மூச்சில் எழுதிவிட்டு, மறுநாள் வேறு யாரோ கிறுக்கி வைத்ததைத் திருத்துகிற மாதிரி உட்காருவார். வெற்றுத்தாளில் எழுதுவதுதான் கஷ்டம், திருத்துவது எளிது என்பது அவர் கணக்கு. எட்டுக் கட்டத்தையும் பென்சிலில் கிறுக்கிவிட்டு, வசனம் வராத இடத்தில் ‘இங்கே மாமன் கத்துகிறார்’ என்று மட்டும் எழுதிவைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். மாமன் என்ன கத்தினார் என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.